கண்டக்டர் வீட்டு வெயில்

ஆடி மாதம் பிறந்து, மலையில் துவைத்த துணியெல்லாம் காயாமல் வாடை அடிக்கத் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்தில், கோத்தகிரி பனிமலர் குடியிருப்பில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் நாச்சிமுத்துவின் கூடத்தில் வெயில் அடிக்க ஆரம்பித்தது. சன்னல் வழியாக வந்த வெயில் இல்லை. சன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடமே தெரியாத அளவுக்கு மூடுபனி நின்றுகொண்டிருந்தது. குளிர்காலத்தில் சூடும் கோடையில் குளிரும் தருமென்று மஸ்கட்டில் இருக்கும் மகள் வாங்கிச் சுவரில் பொருத்திக் கொடுத்த ஏசி இருக்கிறதே, அதன் வாயிலிருந்துதான் அந்த வெயில் வந்தது. கண்ணைக் கூசவைக்கிற, வெள்ளை வெளேரென்ற உச்சி வெயில், தரையில் இரண்டு பாய் அகலத்துக்கு விழுந்து, நாற்காலியின் நிழலைக் கூட அளவாக அதன் காலடியில் போட்டு வைத்திருந்தது. நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு அதில் போய் நின்று பார்த்தார். பிறகு நான்கு நாளாகக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்த பனியனைக் கொண்டுவந்து விரித்தார். ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் பனியன் மொடமொடவென்று காய்ந்துவிட்டது.

வாழ்நாளெல்லாம் ஈரோட்டுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவே, ஆடும் கோழியும் கல்யாணக் கோஷ்டியும் ஏறிய பஸ்ஸில் நெருக்கியடித்து டிக்கெட் கிழித்த மனிதர் அவர். மனைவி ருக்மணி போன பிறகு, அப்பா நல்ல காற்றில் நிம்மதியாக இருக்கட்டும் என்று மகள் இந்த வீட்டை வாங்கிப்போட்டாள். காற்று நல்ல காற்றுதான், குறை சொல்வதற்கில்லை. நிம்மதிதான் கொஞ்சம் அளவுக்கு மீறிப் போய்விட்டது. அவர் சோற்றைத் தட்டில் போட்டுச் சமையலறை மேடையோரம் நின்றபடியே சாப்பிட்டார். உட்கார்ந்து சாப்பிட்டால் எதிரே யாரும் இல்லை என்பது தெரிந்துவிடும், நின்று சாப்பிட்டால் அவ்வளவாகத் தெரியாது. பஸ்ஸில் பழகிய பழக்கம் என்று மகளிடம் போனில் சொல்லி வைத்திருந்தார்.

வெயிலை முதலில் பார்த்தது எதிர்வீட்டுக் கோகிலா. குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்று சண்டை போட வந்தவள், வாசற்படியில் நின்று கூடத்தை எட்டிப் பார்த்தாள். ஐயோ என்றும் சொல்லவில்லை, அடடா என்றும் சொல்லவில்லை. "இது எத்தன மணி வரைக்கும் இருக்குங்க?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்று அவர் சொன்னதும் விடுவிடுவென்று திரும்பிப் போய், பூசணம் பிடிக்க இருந்த மோர் மிளகாயைத் தாம்பாளத்தோடு தூக்கி வந்து வெயிலில் வைத்துவிட்டுத் தண்ணீர் சொட்டுகிற விஷயத்தை மறந்தே போனாள்.

அப்புறம் என்ன, சொல்லவா வேண்டும்? மேல்மாடி மும்தாஜ் ஊறுகாய் ஜாடியோடு வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாக்ஸ் வந்தது, கைக்குழந்தைத் துணி வந்தது, மிளகு வந்தது, நனைந்துபோன பாஸ்போர்ட் ஒன்று வந்தது, முழங்கால் வலிக்காரர்கள் முழங்காலைக் கொண்டுவந்தார்கள். குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டு, வெயில் எப்படி வந்தது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், காலையில் அப்பளம் வடகம், மதியத்துக்கு மேல் துணிமணி, சாமி படத்துக்கு நேரே உள்ளாடை கூடாது என்று தீர்மானம் போட்டது. தேயிலைத் தோட்டத்துக் கிளைச் சாலையில் இருந்தவர்கள் தாங்களும் வரலாமா என்று கேட்க, வரலாம் என்றும் ஆனால் செருப்பை வெளியே விட வேண்டும் என்றும் சங்கம் பதில் சொன்னது.

நாச்சிமுத்துவுக்கு வாழ்வு வந்துவிட்டது. பெட்டிக்கு அடியில் கிடந்த பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு விசில் கொடுத்தால் தட்டைத் திருப்பிப்போட வேண்டும், இரண்டு விசில் கொடுத்தால் எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். "முன்னாடி வாங்க, முன்னாடி எடம் கெடக்குது! வாசல்ல நிக்காதீங்க அம்மிணி, உள்ள வாங்க!" என்று அவர் போட்ட குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. வடகம் காயக் காத்திருக்கிற நேரத்தில் பெண்கள் பேசினார்கள், பேசுகிறபோது பசித்தது, பசித்தபோது ஆளுக்கொரு டப்பாவைத் திறந்தார்கள். அந்த நாட்களில் கண்டக்டர் எந்த வேளையும் நின்றுகொண்டு சாப்பிடவில்லை.

ஆனால் வெயில் வந்த சில நாளிலேயே ஏசி இடையிடையே தானாக அணைந்து, சிவப்பு விளக்கைச் சிமிட்ட ஆரம்பித்தது. வெயில் பொசுக்கென்று போய்விடும், கூடம் இருண்டு குளிரும், மிளகாய்க்காரிகள் சத்தம் போடுவார்கள். நாச்சிமுத்து ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இறக்கி ஏற்றுவார், வெயில் திரும்பி வரும். கடைசியில் குன்னூரிலிருந்து மெக்கானிக் ஸ்டெல்லாவை வரவழைத்தார்கள். நாற்பது வயதுக்காரி, ஸ்கூட்டரில் கருவிப் பையோடு வருவாள், நீலகிரியில் தன் கை படாத ஏசி கிடையாது என்று தானே சொல்லிக்கொள்வாள். கூடத்தில் அடிக்கிற வெயிலைப் பார்த்தாள், தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டாள், வெளியே பால்கனியில் இருந்த மெஷினைக்கூடத் திறக்காமல் தீர்ப்புச் சொன்னாள்.

"கேஸ் இல்லண்ணா. கேஸ் போட்டா சரியாயிடும்."

உலகத்தில் எந்த ஏசிக்கு எந்த நோய் வந்தாலும் முதலில் சொல்லப்படுவது இதுதான் என்பதால் எல்லோரும் நம்பினார்கள். கேஸ் போட்டாள், வெயில் இன்னும் சுள்ளென்று அடித்தது, சிவப்பு விளக்கு இன்னும் அடிக்கடி சிமிட்டியது. மறுபடி வந்தாள். கேஸ் போகிற வழியைக் குறுக்கி விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்துக்கொண்டது என்றாள், அதைக் கழற்றி ஊதி மாட்டினாள், மும்தாஜ் கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அதுவும் இல்லை.

இதற்குள் சங்கத்தில் வேறொரு கலகம் மூண்டிருந்தது. வடகம் உப்புக் கரித்தது. கோகிலா கிண்டிய மாவு அது. உப்புப் போட்டது மும்தாஜ். அடுத்த முறை பாதி உப்புப் போட்டார்கள், அப்போதும் கரித்தது. அதற்கடுத்த முறை கோகிலாவே போட்டாள், மும்தாஜை அடுப்புப் பக்கம் விடவில்லை. வாயில் வைக்க முடியவில்லை. உப்பே போடாமல் ஒரு தட்டுக் காயவைத்துப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் உப்பில்லாமல் மாவு கிண்டுவது வீட்டுக்கு ஆகாது. ஆகவே யாரோ வேண்டுமென்றே ராத்திரி வந்து உப்பைத் தூவுகிறார்கள் என்று முடிவாகி, இரண்டு பெண்களும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தி, வெயிலின் இரண்டு ஓரத்தில் எதிரெதிரே முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து நடுவில் நின்று விசிலைக் கடித்தார்.

மூன்றாவது முறை வந்தபோது ஸ்டெல்லாவுக்கு ரோஷம் வந்திருந்தது. பால்கனி மெஷினின் மூடியை முழுசாகக் கழற்றி உள்ளே கையை விட்டு ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பித்தளை வால்வு, நாலு குழாய் வந்து சேரும் இடத்தில் படுத்திருக்கும். அதன் வயிற்றுக்குள் ஒரு சின்னத் துண்டு இந்தப் பக்கம் நகர்ந்தால் வீட்டுக்குச் சூடு, அந்தப் பக்கம் நகர்ந்தால் வீட்டுக்குக் குளிர்.

"ரெண்டு குழாய் சுடணும், ரெண்டு குழாய் சில்லுன்னு இருக்கணும். நாலும் ஒரே மாதிரி வெதுவெதுன்னு இருக்கு பாருங்க," என்றாள் ஸ்டெல்லா. "ஃபோர் வே வால்வுண்ணா. நடுவுல நின்னுடுச்சு. நான் மொதல்லயே சந்தேகப்பட்டேன்."

அவள் முதலில் சந்தேகப்பட்டது கேஸை என்பதை யாரும் நினைவூட்டவில்லை. அவளே வேறொன்றை உற்றுப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். குளிரில் ஓடுகிற மெஷினில் வால்வின் மேல் பனி உறைவதுண்டு. இதன் மேலும் வெள்ளையாகத்தான் ஏதோ பூத்திருந்தது, ஆனால் விரலில் உருகவில்லை. நக்கிப் பார்த்தாள். பிறகு கூடத்துக்கு வந்து, முதுகு காட்டி உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களின் உள்ளங்கையிலும் ஆளுக்கொரு சிட்டிகை வைத்தாள். நல்ல கல்லுப்பு. கோகிலா மும்தாஜைப் பார்த்தாள், மும்தாஜ் கோகிலாவைப் பார்த்தாள், "ஏன்டி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, அழுது சிரித்து, உப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைக் கேட்காமலே விட்டுவிட்டார்கள்.

கேட்டது நாச்சிமுத்துதான், அதுவும் பால்கனியில் தனியாக.

"இது சூட்டை உண்டாக்குற மெஷின் இல்லண்ணா," என்றாள் ஸ்டெல்லா. "ஒரு எடத்துல இருக்குற சூட்டை எடுத்து இன்னொரு எடத்துல வைக்கும், அவ்வளவுதான். சாதாரணமா வெளிக்காத்துல இருந்து எடுக்கும். இது நடுவுல நின்னுக்கிட்டு எங்கயோ உப்புக்காத்துல இருந்து எடுக்குது. இங்க வந்தா அங்க இல்லன்னு அர்த்தம். ஒரு தட்டு தட்டினா வால்வு நகர்ந்துடும், இப்பவே தட்டிடட்டுமா?"

"வெயில் போயிருமா?"

"போயிடும். தட்டாம விட்டாலும் ரொம்ப நாள் தாங்காது, கம்ப்ரஸர் புகைஞ்சிடும்."

கூடத்தில் யாரோ எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "சித்த பொறு அம்மிணி," என்றார். "ஆடி முடியட்டும். வெளிய சொல்லிப்போடாத." ஸ்டெல்லாவுக்கு மனசில்லை; ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியாமல் மூடியை மாட்டினாள். அன்றைக்குச் சாப்பிடும்போது அவருக்குச் சோறு இறங்கவில்லை, எதிரே எல்லோரும் இருந்தும்கூட.

வெயிலுக்குச் சொந்தக்காரி வெள்ளிக்கிழமை வந்தாள்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்து இறங்கி, சால்வை இல்லாமல் நடுங்கிக்கொண்டு, கையில் தூத்துக்குடி மக்ரூன் பொட்டலத்தோடு வாசலில் நின்றாள். வெயிலில் கறுத்துக் காய்ந்த உடம்பு, காலில் உப்பு அரித்த வடுக்கள். "கண்டக்டர் அண்ணாச்சி வீடு இதானா?" என்று கேட்டவள், பதில் வருவதற்குள் அவர் தோளுக்கு மேலே எட்டிக் கூடத்தைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. பெற்ற பிள்ளையை வேற்றூரில் கண்டவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"நான் பேச்சித்தாய். சங்குமேட்டு அளத்துல உப்பு வாருதேன்," என்றாள். "எங்க வெயிலு இங்கன வந்து கெடக்குன்னு தெரிஞ்சுது. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நாச்சிமுத்துவின் கை கழுத்து விசிலைப் பிடித்துக்கொண்டது. என்றாலும் வீட்டுக்கு வந்தவளிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. "உள்ள வாங்க அம்மிணி. மொதல்ல உக்காந்து சாப்பிடுங்க," என்றார். சாப்பாடு முடிகிற வரை வந்தவள் எதையும் கேட்கவில்லை, இருந்தவர்கள் எதையும் விசாரிக்கவில்லை. அவள் வெயிலுக்குள் உட்கார்ந்து, அதன் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்து, "வடக்குப் பாத்தி வெயிலுதான். இந்நேரத்துக்கு இப்படித்தான் சாஞ்சு விழும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வடகத்தை ஒன்று எடுத்துக் கடித்துப் பார்த்து, நல்லா இருக்கு என்றாள். அவள் ஒருத்திக்குத்தான் அது கரிக்கவில்லை.

கை கழுவிய பிறகு சொன்னாள். அவள் பார்க்கிற பாத்தி மேலே ஆடி பிறந்ததிலிருந்து பனி வந்து இறங்கிவிட்டது. சுற்றிலும் அளம் முழுக்க வெயில் கொளுத்துகிறது, அந்த ஒரு பாத்தியில் மட்டும் குளுகுளுவென்று மூடுபனி, தைல மர வாசனை. பனிக்குள்ளிருந்து பொம்பிளைகள் பேசுகிற சத்தம், யாரோ விசில் அடித்து முன்னாடி வாங்க முன்னாடி வாங்க என்று கத்துகிற சத்தம். ஒருநாள் ஒருத்தி போனில் காய்கறிக்காரனுக்கு வழி சொன்னாள்: கோத்தகிரி, பனிமலர் குடியிருப்பு, கண்டக்டர் வீடு. பேச்சித்தாய் அதை மனப்பாடம் செய்துகொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

"பாத்தியில தண்ணி அப்படியே நிக்கி, உப்பு வெளையல," என்றாள். "கணக்கப்பிள்ள, இந்த மாசம் பாப்பேன், இல்லன்னா உன்னைய தலச்சுமைக்கு மாத்திருவேங்காரு. எனக்கு முட்டு போயிருச்சு அண்ணாச்சி. பாத்தின்னா நின்னு வாரிருவேன். சொமை தூக்கி வரப்புல நடக்கச் சொன்னா விழுந்துருவேன். பொறவு எனக்கு வேற வேல ஏது?"

கோகிலா தன் தாம்பாளத்தை மெல்ல வெயிலுக்கு வெளியே இழுத்தாள். நாச்சிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. தெரிந்தே வைத்துக்கொண்டிருந்தோமே என்று காது மடல் சுட்டது. "ஏனுங் அம்மிணி, மொதல் நாளே வந்திருக்கலாமே? இத்தன நாள் ஏன் பொறுத்தீங்க?" என்று கேட்டார்.

பேச்சித்தாய் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"அளத்துல மரம் ஏது அண்ணாச்சி, நெழல் ஏது? கஞ்சி குடிக்கப் போனா ஆளுக்கொரு பக்கமா வரப்புல குத்தவச்சு, தலையில துணியப் போட்டுக்கிட்டு, ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்காம குடிச்சிட்டு எந்திரிப்போம். இந்தப் பனி வந்த பொறவு எல்லாரும் என் பாத்திக்கு வந்துட்டாவ. வட்டமா உக்காந்து, தூக்குச் சட்டியத் தொறந்து, ஒருத்திக்கு ஒருத்தி கொழம்பு ஊத்தி... பேச்சி, அந்தப் பனிய வெரட்டிராதட்டீன்னு சொல்லுதாவ. அவளுவகிட்ட நான் சொல்லாமத்தான் வந்தேன். எனக்கும் மனசு வரல. நேத்து முட்டு வலிச்சுதா, அப்பத்தான் கெளம்பினேன்."

நாச்சிமுத்து அவளையே பார்த்தார். தன் கூடத்தை அப்படியே மடித்து எங்கோ கடலோரத்தில் விரித்து வைத்திருந்தது போல இருந்தது அவருக்கு. அவர் எழுந்துபோய் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டார். "வா அம்மிணி. தட்டிரு," என்றார்.

ஸ்டெல்லா ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியை முன்னால் பிடித்தபடி பால்கனியில் குந்தினாள். உள்ளே ரிமோட்டை அழுத்துகிற அதே நொடியில் வெளியே வால்வைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் நகராது. அதற்கு ஒரு சைகை வேண்டும் என்றாள். ரிமோட்டுக்குக் கோகிலா நின்றாள், சைகைக்கு நாச்சிமுத்து இருந்தார். சங்கம் முழுவதும் தட்டுமுட்டுகளை எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றது. பேச்சித்தாய் வெயிலுக்கு நடுவே நின்றாள், வண்டியில் ஏறிவிட்டவளைப் போல. கண்டக்டர் விசிலை வாயில் வைத்து, எப்போதும் போல வாசலை ஒருமுறை பார்த்து, யாரும் ஏற வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டு, இரண்டு விசில் கொடுத்தார். டொக் என்று ஒரு சத்தம், ஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு. வெயில் தரையிலிருந்து சுருண்டு எழுந்து ஏசியின் வாய்க்குள் போய்விட்டது. சாதாரணமான, மந்தமான சூட்டுக் காற்று வந்தது. பேச்சித்தாய்க்கு மும்தாஜ் தன் சால்வையைப் போர்த்திவிட்டாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று, யாருக்கும் சொல்வது போல இல்லாமல், "அங்கன ஒரு மணிக்குச் சோறு திம்போம். அந்நேரம் உப்பு வாரமாட்டோம்," என்றாள் பேச்சித்தாய். பஸ் ஏற்றிவிட அவரே போனார். முன் சீட்டில் சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, மேட்டுப்பாளையத்தில் எந்த வண்டி மாற வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லி, வண்டி கிளம்பத் தானே விசில் கொடுத்துவிட்டார். அந்த வண்டியின் கண்டக்டர் முறைத்துப் பார்த்தார்.

அடுத்த நாட்களில் கூடத்துக்கு ஒருவரும் வரவில்லை. கோபமொன்றும் இல்லை, படியில் பார்த்தால் சிரித்தார்கள், நலம் விசாரித்தார்கள். காயவைக்க இடம் இல்லாத வீட்டுக்கு எதைச் சாக்கிட்டு வருவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எதைச் சாக்கிட்டுக் கூப்பிடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. நாச்சிமுத்து மறுபடியும் மேடையோரம் நின்று சாப்பிட்டார். ரசம் சோற்றில் கை நின்றது. அங்கே அளத்திலும் இந்நேரம் ஆளுக்கொரு வரப்பில் குந்தியிருப்பார்கள். ஒரு மணி என்று அவள் சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தினம் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் வால்வை நடுவில் நிறுத்திவைக்கலாமா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள், அதாவது யோசிப்பது போல இருந்துவிட்டு, "ஒரு மணி நேரம்னா கம்ப்ரஸர் தாங்கும்," என்றாள். "ஆனா நடுவுல நிறுத்தணுமே? ரிமோட்டை அழுத்தி, அது நகர ஆரம்பிச்சு, பாதியில வரும்போது மெயினை இறக்கி ஏத்தணும். அதுக்குக் காது வேணும்ணா. என்னை மாதிரி ஆளுங்களுக்கே கஷ்டம்."

ஓடுகிற வண்டியைச் சரியாக நிறுத்தத்தில் நிறுத்தி வாழ்க்கையை ஓட்டியவரிடம் இதைச் சொன்னாள். மறுநாள் ஒரு மணிக்கு நாச்சிமுத்து ஏசிக்குக் கீழே போய் நின்றார், ரிமோட்டை அழுத்தினார், உள்ளே அது நகருகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்தார், ஒரு விசில் கொடுத்து ஸ்விட்சை இறக்கி ஏற்றினார். தரையில் இரண்டு பாய் அகலத்துக்கு வெயில் விழுந்தது. விசில் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கோகிலா ஒரு கையில் மோர் மிளகாயும் மறுகையில் சாப்பாட்டு டப்பாவுமாக வந்து, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தாள். மாடிப்படியில் மும்தாஜ் இறங்குகிற சத்தம் கேட்டது.

நாச்சிமுத்து தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து வெயிலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஏசியின் வாயிலிருந்து தூக்குச் சட்டிகளின் மூடி திறக்கிற சத்தமும், ஏட்டீ நகந்து உக்காரு என்று ஒருத்தி இன்னொருத்தியை அதட்டுகிற சத்தமும், எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற சத்தமும் வந்தன. பிறகு தெரிந்த குரல் ஒன்று வந்தது.

"சாப்பிட்டியளா அண்ணாச்சி?"

"இப்பத்தான் அம்மிணி," என்றார் நாச்சிமுத்து, "உக்காந்தேன்."